அசல் தகடு எது?

1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில் எக்ஸ்.கே.120 காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, அது இவ்வளவு விலைபோகும் என்று ஜாகுவார் நிறுவனமே எதிர்பார்க்கவில்லை. ஏதோ இருநூறு வண்டிகள் போகும் என்பதுதான் கணக்கு. அந்த எண்ணிக்கைக்காகப் பெரிய அச்சுகள் செய்து, எஃகுத் தகட்டை அழுத்தி உடல் தயாரிப்பது கட்டுப்படியாகாது. அதனால் ஆஷ் மரச் சட்டம் அடித்து, அதன்மேல் அலுமினியத் தகட்டைக் கையாலேயே வளைத்துப் பொருத்தினார்கள். கண்காட்சி முடிவதற்குள் ஆர்டர்கள் குவிந்தன. சுமார் 240 கார்களோடு அலுமினிய உடலை நிறுத்திவிட்டு, 1950-ல் எஃகு உடலுக்கு மாறினார்கள்.

அந்த முதல் 240-ல் ஒன்று இன்று விற்பனைக்கு வந்தால் அதன் மதிப்பே தனி. வாங்க வருபவர் பையில் ஒரு சிறிய காந்தத்தோடு வருவார். பானெட்டின் மேல் வைப்பார், ஒட்டாது. கதவில் வைப்பார், ஒட்டாது. டிக்கி மூடியிலும் ஒட்டாது. அலுமினிய வண்டிதான் என்று அங்கேயே முடிவு கட்டினால் ஏமாந்தார். எஃகு உடலுக்கு மாறிய பிறகும் எடை குறைவாக இருக்கட்டும் என்று கதவு, பானெட், டிக்கி மூடி மூன்றையும் ஜாகுவார் அலுமினியத்திலேயே வைத்திருந்தது. காந்தத்தை மட்கார்டில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ஒட்டினால் அது 1950-ல் தொடங்கிய எஃகு உடல்.

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் வெளிப்பாகங்களில் அசலையும் மாற்றையும் பிரித்தறியும் வேலை முழுவதும் இப்படித்தான் இருக்கிறது. சோதனைகள் எல்லாமே எளிமையானவை, பள்ளிக்கூட இயற்பியலும் வேதியியலும் போதும். எந்தச் சோதனையை எந்த இடத்தில் செய்வது, அதன் பதிலை வேறு எதோடு ஒத்துப்பார்ப்பது என்பதில்தான் அறிவு தேவைப்படுகிறது. ஒரு அடையாளம் தனியாக நின்றால் எதையும் நிரூபிக்காது. தகடு சொல்வதும், திருகு சொல்வதும், கண்ணாடி சொல்வதும், பதிவேடு சொல்வதும் ஒரே கதையாக இருக்க வேண்டும்.

என்ஜினைவிட வெளிப்பாகங்களில் இந்தச் சிக்கல் அதிகம். என்ஜின் எண் தொழிற்சாலைப் பதிவேட்டில் இருக்கிறது. பம்பருக்கும் விளக்குக்கும் அப்படி எதுவும் கிடையாது. அதோடு, இந்தக் கார்கள் எல்லாமே ஒரு காலத்தில் வெறும் பழைய வண்டிகளாக இருந்தவை. 1955-ல் வந்த காரை 1965-ல் சொற்ப விலைக்கு வாங்கிய இளைஞர், விளக்கு உடைந்தால் அடுத்த தெரு உடைசல் கிடங்கில் எது பொருந்துகிறதோ அதை எடுத்து மாட்டினார். அவர்மேல் குற்றமில்லை. வண்டி ஓட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. பின்னர் மதிப்பு ஏறியபோது புதிதாகச் செய்த மாற்றுப் பாகங்கள் சந்தைக்கு வந்தன. இன்று ஒரே காரில் மூன்று தலைமுறைப் பாகங்கள் கலந்திருப்பது சாதாரணம்.

முதலில் கண்ணால் பார்த்தே சொல்லக்கூடியவை. 1962-ல் வந்த எம்.ஜி.பி. காரின் கதவில் ஆரம்பத்தில் இருந்தது பிடித்து இழுக்கும் கைப்பிடி. 1965-ல்தான் பொத்தானை அழுத்தித் திறக்கும் கைப்பிடி வந்தது, அதோடு உள்ளே பூட்டின் அமைப்பும் மாறியது. பானெட் முதலில் அலுமினியம். 1960-களின் கடைசியில், 1970-ஆம் ஆண்டு மாடல்களுக்கான மாற்றங்களோடு எஃகு பானெட் வந்தது. ஆகவே 1964 எம்.ஜி.பி. ஒன்றின் பானெட்டில் காந்தம் ஒட்டினால், அந்த பானெட் வேறொரு வண்டியிலிருந்து வந்தது அல்லது பிற்காலத்தில் வாங்கி மாட்டியது. அலுமினியத் தகடு மென்மையானது. மூடும்போது தவறான இடத்தில் கையை ஊன்றி அழுத்தினாலே சொட்டையாகிவிடும். எஃகு பானெட்டுகள் பழைய வண்டிகளில் ஏறிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

டிரையம்ஃப் டி.ஆர்.2 இதைவிட அழகான உதாரணம். 1953-ல் வந்த முதல் வண்டிகளின் கதவு உடலின் அடிவிளிம்பு வரை இறங்கும். வண்டியோ மிகத் தாழ்வானது. உயரமான நடைபாதை ஓரம் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தால் கல்லில் இடிக்கும். 1954 இலையுதிர் காலத்தில் கதவின் கீழ்ப்பகுதியைக் குறைத்து, அடியில் ஒரு விளிம்புச் சட்டத்தைப் போட்டார்கள். குட்டைக் கதவு உள்ள வண்டியின் வரிசை எண் பலகை 1954 தொடக்கத்து எண்ணைக் காட்டினால், பலகை அல்லது உடல், இரண்டில் ஒன்று அந்த வண்டிக்குச் சொந்தமில்லை. இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம், குனிந்து பார்த்தால் போதும்.

ஆனால் தொழிற்சாலைகள் நாள் குறித்து மாறுவதில்லை. கிடங்கில் இருக்கும் பழைய பாகம் தீரும்வரை அதையே மாட்டுவார்கள். ஒரே மாடலில் நான்கு மாற்றங்கள் நான்கு வெவ்வேறு மாதங்களில் நடக்கும். இதை நன்றாகக் காட்டுவது 1961 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமான ஜாகுவார் ஈ-டைப்.

ஈ-டைப்பின் முன்பாதி முழுவதுமே ஒரே பானெட். மட்கார்டு, மூக்கு, விளக்குக் குழி எல்லாம் சேர்ந்து முன்னோக்கித் தூக்கிக்கொள்ளும். முதல் சுமார் ஐந்நூறு கார்களுக்கு இந்த பானெட்டின் பூட்டு வெளியே இருந்தது. முன்சக்கரத்துக்குப் பின்னால், இருபுறமும் கீழே, சிறிய குரோமியத் தட்டு. அதில் 'டி' வடிவச் சாவியை நுழைத்துத் திருப்ப வேண்டும். பிறகு பூட்டு வண்டிக்குள்ளே போய்விட்டது, உள்ளிருந்து நெம்புகோலை இழுத்தால் திறக்கும். வெளிப்பூட்டு உள்ள கார்களுக்கு ஆர்வலர்களிடையே பெரிய மவுசு. மவுசு வந்த இடத்தில் போலியும் வரும். பிந்தைய பானெட்டில் இரண்டு துளை போட்டு, தட்டையும் பூட்டையும் பொருத்திவிட்டால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

அங்கேதான் இன்னொரு அடையாளம் கைகொடுக்கிறது. பானெட்டின் மேல் சூடான காற்று வெளியேற வரிசையாகச் செதில் திறப்புகள் இருக்கும். ஆரம்ப வண்டிகளில் இந்தத் திறப்புகளைத் தனித் தகட்டில் வெட்டி, அந்தத் தகட்டை பானெட்டில் வைத்துப் பற்றவைத்தார்கள். பின்னர் பானெட்டின் தகட்டிலேயே நேரடியாக அச்சில் அழுத்தினார்கள். மேலிருந்து பார்த்தால் பெயிண்ட் மறைத்துவிடும். பானெட்டைத் தூக்கி அடிப்பக்கம் விளக்கடித்துப் பார்த்தால், திறப்புகளைச் சுற்றி இணைப்பு ஓடுகிறதா இல்லையா என்பது தெரியும். இந்த இரண்டு மாற்றங்களும் ஒரே சமயத்தில் நடக்கவில்லை. பூட்டுதான் முதலில் உள்ளே போனது, பற்றவைத்த தகடு இன்னும் கொஞ்ச காலம் தொடர்ந்தது. ஆகவே உட்பூட்டும் பற்றவைத்த திறப்பும் சேர்ந்திருந்தால் அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. வெளிப்பூட்டும் ஒரே தகட்டில் அழுத்திய திறப்பும் சேர்ந்திருந்தால், அந்த பானெட்டில் யாரோ துளையிட்டிருக்கிறார்கள்.

வண்டியின் வரிசை எண்ணையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஈ-டைப்புக்கு நான்கு எண் வரிசைகள் உண்டு. வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள திறந்த கார் 850001-ல் தொடங்குகிறது, இடப்பக்கத் திறந்த கார் 875001-ல். கூரையுள்ள கூப்பேக்கு வலம் 860001, இடம் 885001. அமெரிக்க ஏற்றுமதியே பிரதானம் என்பதால் இடப்பக்கத் திறந்த கார்களில் வெளிப்பூட்டு சில நூறு வண்டிகள் வரை போனது. வலப்பக்க கூப்பேயில் அது விரல் விட்டு எண்ணும் அளவுதான். எண் சிறியதாக இருக்கிறது என்பது மட்டும் போதாது, எந்த வரிசையில் சிறியது என்று பார்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி ஆஸ்டின்-ஹீலி 100. டொனால்ட் ஹீலி 1952 ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வைத்த காரைப் பார்த்து, ஆஸ்டின் நிறுவனத் தலைவர் லியனார்ட் லார்ட் அதைத் தன் நிறுவனத்துக்கே எடுத்துக்கொண்டார். உடல் தயாரிக்கும் வேலை வெஸ்ட் புரோம்விச்சில் இருந்த ஜென்சன் நிறுவனத்துக்குப் போனது. அங்கே ஒவ்வொரு உடலையும் தையல்காரர் அளவெடுத்துத் தைக்கும் சட்டைபோலத்தான் சேர்த்தார்கள். அச்சில் அழுத்திய தகடு என்றாலும் அது சரியாக உட்காராது. அரத்தால் ராவி, தட்டி, வளைத்துத்தான் கதவுக்கும் மட்கார்டுக்கும் இடையே இடைவெளியைச் சீராக்க வேண்டும். பானெட்டைச் சரிசெய்து பொருத்திப் பார்த்துவிட்டு, பெயிண்ட் அடிக்க மறுபடி கழற்றுவார்கள். கழற்றிய பானெட் வேறு உடலுக்குப் போய்விட்டால் பட்ட பாடு வீண். அதனால் பானெட், டிக்கி மூடி, இருக்கைப் பகுதியைச் சுற்றி வரும் அலங்காரப் பட்டைகள் என்று கழன்று வரும் பாகங்களின் உட்புறத்தில் அந்த உடலின் எண்ணை அடித்துவைத்தார்கள்.

யாரோ ஒரு தொழிலாளி தன் வேலை வசதிக்காக அடித்த அந்த எண், இன்று எந்தச் சான்றிதழையும்விட உறுதியான ஆதாரமாக நிற்கிறது. அலங்காரப் பட்டையைக் கழற்றித் திருப்பினால், பழைய அழுக்குக்கு அடியில் மூன்று நான்கு இலக்கங்கள் கோணல்மாணலாகத் தெரியும். ஒவ்வொரு இலக்கத்தையும் தனித்தனி முத்திரைக் கம்பியால் சுத்தியல் கொண்டு அடித்ததால் ஒன்று சாய்ந்திருக்கும், ஒன்று ஆழமாக இருக்கும். என்ஜின் அறைச் சுவரில் உள்ள உடல் எண் பலகையோடு அது ஒத்துப்போனால், அந்தப் பட்டையும் அந்த உடலும் ஒரே பட்டறையில் ஒன்றாகப் பொருத்தியவை.

இதே ஹீலி 100 வரிசையில் வேகமான ரகம் 100எம். செதில் திறப்புள்ள பானெட், அதன்மேல் தோல் வார். தொழிற்சாலையே மாற்றியமைத்துக் கொடுத்தவை சுமார் 640. ஆனால் லெமான்ஸ் கிட் என்ற பெயரில் அதே பாகங்களைத் தனியாகவும் விற்றார்கள். சாதாரண ஹீலி வைத்திருந்தவர் வாங்கி வந்து அந்தக் காலத்திலேயே மாட்டிக்கொண்டார். அந்த பானெட்டும் ஹீலி தந்த பாகம்தான், அதன் வயதும் சரிதான், ஆனால் வண்டி 100எம் அல்ல. பாகம் அசலாக இருப்பதும் வண்டி அசலாக இருப்பதும் வெவ்வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது. இந்த இடத்தில் தகடு மௌனமாகிவிடும். கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் இண்டஸ்ட்ரி ஹெரிட்டேஜ் டிரஸ்ட் பாதுகாக்கும் தயாரிப்புப் பதிவேடுகளைத்தான் கேட்க வேண்டும்.

ஹீலியின் உலோகத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. கிரில்லைச் சுற்றிய முன்பகுதித் தகடும், டிக்கியைச் சுற்றிய பின்பகுதித் தகடும் அலுமினியம். அவற்றோடு சேரும் மட்கார்டுகள் எஃகு. இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் மழைநீரும் சாலையில் தூவிய உப்பும் புகுந்தால் அது ஒரு சிறிய மின்கலம். அலுமினியம் தன் எலக்ட்ரான்களை எளிதில் விட்டுக்கொடுக்கும் உலோகம், அதனால் அரிப்பு அதைத்தான் முதலில் தாக்கும். இணைப்பு ஓரத்தில் வெள்ளைத் தூளாகப் பொரியும், பெயிண்ட் கொப்பளிக்கும். அறுபது எழுபது ஆண்டு பழைய தகடு என்று சொல்லப்படுவதன் உள்மடிப்பில் இந்த அரிப்பின் தடமே இல்லையென்றால், அது பழைய தகடுதானா என்று கேட்டே ஆக வேண்டும்.

தகட்டின் இணைப்புகள் அடுத்த சாட்சி. தொழிற்சாலையில் இரண்டு தகடுகளைச் செம்பு முனைகளுக்கு இடையே அழுத்தி, பெரும் மின்சாரத்தைக் கண நேரம் பாய்ச்சுவார்கள். தகடுகள் தொடும் இடத்தில் மட்டும் உருகி ஒட்டும். வெளியே அரை சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டக் குழி தெரியும், இதுதான் ஸ்பாட் வெல்டிங். பட்டறையில் தகட்டை மாற்றுபவர் பெரும்பாலும் துளை போட்டு, அந்தத் துளையை வெல்டிங்கால் நிரப்புகிறார். அது குழியாக இராது, மேடாகவோ அரைத்துத் தட்டையாக்கியதாகவோ இருக்கும். தேர்ந்த பட்டறைகள் இப்போது ஸ்பாட் வெல்டிங்கையே பயன்படுத்துகின்றன, ஆகவே குழி இருக்கிறது என்பது மட்டும் போதாது. குழிகளின் இடைவெளியை அதே காலத்து வேறொரு வண்டியோடு ஒப்பிட வேண்டும்.

வெளியே தெரியும் இணைப்புகளை மறைக்க அந்தக் காலத்தில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசைச் சூடாக்கி, மரத் துடுப்பால் வழித்து நிரப்பினார்கள். இன்று டிங்கரிங் பட்டறைகளில் பூசும் பட்டி, பாலியெஸ்டர் பிசின். இரண்டிலும் காந்தம் நேரடியாக ஒட்டாது. பெயிண்ட் தடிமன் மானி இரண்டையும் வெறும் இடைவெளியாகவே காட்டும். தொழிற்சாலைப் பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். மானி 1000 மைக்ரானுக்கு மேல் காட்டினால் அங்கே ஏதோ நிரப்பியிருக்கிறார்கள். அது ஈயமா பட்டியா என்பது மறைவான ஓரத்தில் சிறிது சுரண்டினால்தான் தெரியும், ஈயம் சாம்பல் நிறத்தில் உலோகமாக மின்னும். தொழிற்சாலை இணைப்பு இருக்கும் இடத்தில் ஈயம் இருப்பது நல்ல செய்தி. தடித்த மானிக் கணக்கைப் பார்த்தவுடன் விபத்து வண்டி என்று ஒதுக்குபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

சிறிய பாகங்களுக்கு வந்தால், திருகுகளைவிட நேர்மையான சாட்சி இல்லை. அவற்றைப் போலியாகச் செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை. பழைய பிரிட்டிஷ் திருகுமரையின் கோணம் 55 பாகை. 1948-ல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் ஒப்புக்கொண்ட பொது மரையில் அது 60 பாகை. பிரிட்டிஷ் கார் நிறுவனங்கள் 1950-களில் மாடலுக்கு மாடல் இதற்கு மாறின. கால் அங்குல போல்ட்டை எடுத்தால் பழைய நுண்மரையில் அங்குலத்துக்கு 26 சுற்று, புதிய நுண்மரையில் 28. மரை அளவியை வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கூட்டல் குறித் தலையுள்ள ஸ்க்ரூவில், குறியின் கைகளுக்கு இடையே மெல்லிய நான்கு கோடுகள் கூடுதலாக இருந்தால் அது போசிடிரைவ். 1960-களில்தான் அது வந்தது. 1955 வண்டியின் விளக்கு வளையத்தை அது பிடித்துக்கொண்டிருந்தால், அந்த விளக்கை ஒருமுறையாவது கழற்றியிருக்கிறார்கள்.

விளக்குக் கண்ணாடியில் லூகாஸ் பெயரும் மாதிரி எண்ணும் வார்ப்பிலேயே இருக்கும். அதோடு வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் 11 என்ற எண்ணும் இருந்தால், அது பிரிட்டன் வழங்கிய சர்வதேச அங்கீகார முத்திரை. அந்த முறைக்கு அடிப்படையான ஐ.நா. ஒப்பந்தமே 1958-ல்தான் உருவானது, பிரிட்டன் அதில் சேர்ந்தது 1963-ல். 1957 டி.ஆர்.3-ல் அந்த முத்திரை இருக்க வழியே இல்லை. கதவுக் கண்ணாடியிலும் முன்கண்ணாடியிலும் டிரிப்ளெக்ஸ் முத்திரை இருந்தால், எழுத்துகளுக்கு மேலும் கீழும் உள்ள கடுகளவுப் புள்ளிகளைப் பூதக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். கண்ணாடி தயாரான ஆண்டின் கடைசி இலக்கத்தையும், ஆண்டின் எந்தக் காலாண்டு என்பதையும் அவை குறிக்கின்றன. பத்தாண்டுக்கு ஒருமுறை அதே புள்ளி திரும்ப வரும் என்பதால், மற்ற ஆதாரங்களோடு சேர்த்துத்தான் படிக்க முடியும்.

குரோமியம் பூசிய பாகங்களில் உள்ளே என்ன உலோகம் என்பது முக்கியம். பூச்சு மிக மெல்லியது. குரோமியம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு, அடியில் உள்ள நிக்கல் சில பத்து மைக்ரான். அதனால் எடைபோட்டுப் பார்த்தால் உள் உலோகம் தெரிந்துவிடும். உதாரணத்துக்கு ஒரு கைப்பிடி 340 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நூலில் கட்டித் தண்ணீரில் முழுகவிட்டு மறுபடி எடைபோட்டால் 40 கிராம் குறைகிறது. 340-ஐ 40-ஆல் வகுத்தால் 8.5, அது பித்தளையின் அடர்த்தி. 51 கிராம் குறைந்தால் விடை 6.7, அது துத்தநாகக் கலவை வார்ப்பு. அசலில் பித்தளையாக இருந்த பாகத்தைப் பின்னாளில் மலிவாகத் துத்தநாகத்தில் வார்த்திருந்தால், ஆர்க்கிமிடீசின் இந்தச் சோதனைக்கு அது தப்ப முடியாது. உள்ளே குழிவாக இருக்கும் பாகத்தில் காற்றுக்குமிழி தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அது ஒன்றுதான் கவனம்.

மறுபடி குரோமியம் பூசக் கொடுப்பதில் எனக்கு எப்போதும் ஒரு வருத்தம் உண்டு. புதுப்பூச்சு ஏற பழைய பாகத்தை நன்றாகத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். அந்தத் தேய்ப்பில் விளிம்புகளின் கூர்மை போகிறது, வார்ப்பில் மேடாக இருந்த தயாரிப்பாளர் பெயர் மழுங்குகிறது. அமிலத் தொட்டியிலிருந்து பளபளவென்று வரும் பம்பர், தான் எங்கே எப்போது பிறந்தது என்பதற்கான தடயங்களை அங்கேயே விட்டுவிட்டு வருகிறது. புள்ளிப் புள்ளியாகக் குரோமியம் பொரிந்த அசல் பாகத்தைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, ஓட்டுவதற்குப் புதியதை மாட்டிக்கொள்வது எவ்வளவோ மேல்.

அசல் அச்சிலேயே பிற்காலத்தில் செய்த பாகங்களை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்பதில் ஆர்வலர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 1975-ல் தொடங்கிய பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம், பழைய அச்சுகளைத் தேடிச் சேர்த்து, 1988-ல் எம்.ஜி.பி.யின் முழு உடலையே மறுபடி தயாரிக்கத் தொடங்கியது. அச்சு அதே அச்சு. அளவும் வளைவும் அதே. இவை இல்லாவிட்டால் பல வண்டிகள் என்றோ உடைசலுக்குப் போயிருக்கும், அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனாலும் 1988-க்குப் பிறகு அழுத்திய தகட்டை 1963-ன் தகடு என்று விற்பது சரியாகாது. மாற்றிய பாகம் எது, மாற்றிய ஆண்டு எது என்று எழுதிவைத்தால் வாங்குபவருக்கு எந்தக் குழப்பமும் இராது.

எண்ணை அழித்து வேறு எண் அடித்தவர்களும் உண்டு. அங்கே தடயவியல் உதவிக்கு வருகிறது. முத்திரையை அடிக்கும்போது எழுத்துப் பள்ளத்துக்கு அடியில் உள்ள உலோகப் படிகங்களும் நசுங்குகின்றன. மேற்பரப்பை அரத்தால் ராவிச் சமமாக்கினாலும், ஆழத்தில் நசுங்கிய பகுதி அப்படியே இருக்கும். அந்த இடத்தை நன்கு மெருகேற்றி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குப்ரிக் குளோரைடு கலந்த ஃபிரை கரைசலைத் தடவினால், நசுங்கிய உலோகமும் நசுங்காத உலோகமும் வெவ்வேறு வேகத்தில் அரிபடும். அந்த வேறுபாட்டில் பழைய இலக்கங்கள் மங்கலாக எழுந்து வரும், உடனே புகைப்படம் எடுத்துவிட வேண்டும். இது எஃகுக்கான கரைசல், அலுமினியத்துக்கு வேறு கரைசல் வேண்டும். உடல் தகடு சுமார் ஒரு மில்லிமீட்டரே இருப்பதால், பல இடங்களில் இந்த அமிலம்கூடத் தேவைப்படாது. பலமாக அடித்த முத்திரை தகட்டின் மறுபக்கத்தில் லேசான மேடாகத் தள்ளியிருக்கும். முன்பக்கத்தை ராவியவர்கள் பின்பக்கத்தைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.